திணையும் திரையும்

நுழையும்முன்

சங்கப் பாடலைப் படிக்கும்போது நிலத்தையும் பொழுதையும் கொண்டு அதன் திணையை உணர்கிறோம். திரைப்படம் பார்க்கும்போதும், நம்மை அறியாமலே, அவ்வாறே செய்கிறோம். திரைப்பட வகைமைகளின் மரபுகள் எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு புதுமை பெறுகின்றன, எவ்விடத்தில் நம்மைத் தவறாக வழிநடத்துகின்றன என்பதை ஓர் ஆசிரியரின் பட்டறிவோடு இணைத்துப் பேசுகிறது இக்கட்டுரை.

முல்லைத் திணைப் பாடல் ஒன்றைக் கற்பிக்கத் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒரு வினாவைக் கேட்பது என் வழக்கம். "காடு, கார்காலம், மாலைப்பொழுது, முல்லை மலர்ந்துவிட்டது. இப்பாடலில் தலைவி என்ன செய்துகொண்டிருப்பாள்?" திணை இலக்கணம் படித்தவர்கள் உடனே விடை சொல்வார்கள்: "தலைவனுக்காகக் காத்திருப்பாள் அம்மா." அடுத்து இன்னொரு வினாவையும் கேட்பேன். "நள்ளிரவு, மழை, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஒரு பழைய மாளிகை, விளக்கு அணைகிறது, கதவு தானாகத் திறக்கிறது. அடுத்து என்ன வரும்?" இவ்வினாவிற்கு இலக்கணம் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இராது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் முழங்கும்: "பேய்!"

சிரிப்பு அடங்கியபின் நான் சொல்வது இதுதான்: இரண்டு விடைகளும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. அந்த அறிவின் பெயர் மரபறிவு.

மரபு என்னும் உடன்படிக்கை

அகப்பாடல்களுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களைத் தொல்காப்பியர் வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்தில் காணும் மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள்; மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். பாலை என்றால் வேனிலும் நண்பகலும்; அங்கே பிரிவு. நெய்தல் என்றால் கடற்கரையும் எற்பாடும்; அங்கே இரங்கல். கடற்கரையில் வாழ்வோர் எல்லாரும் எந்நேரமும் இரங்கிக்கொண்டிருப்பதில்லை என்பது புலவர்க்கும் தெரியும், கேட்போர்க்கும் தெரியும். ஆயினும் இருவரும் அதனை ஏற்றுக்கொண்டனர். உலகியல் வழக்கோடு நாடக வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியம் கூறுவதன் உட்பொருள் இதுவே. இம்மரபு புலவருக்கும் கேட்போருக்கும் இடையில் எழுதப்படாத ஓர் உடன்படிக்கை. அது இருந்தமையால்தான் நான்கைந்து அடிகளில் ஒரு வாழ்க்கையையே சொல்லிவிடப் புலவரால் முடிந்தது.

திரைப்படத்திலும் இத்தகைய உடன்படிக்கைகள் உண்டு. திகில் படம், துப்பறியும் படம், குடும்பப் படம், அரசர் காலப் படம், நகைச்சுவைப் படம் எனத் திரைப்படங்களைப் பகுக்கிறோம் அல்லவா? இப்பகுப்பையே வகைமை என்கிறோம். ஒவ்வொரு வகைமைக்கும் உரிய இடமும் காலமும் உண்டு. உரிய பொருள்கள் உண்டு. அது எழுப்ப விரும்பும் மெய்ப்பாடு உண்டு. திகில் படம் அச்சத்தையும், வீரதீரப் படம் பெருமிதத்தையும், நகைச்சுவைப் படம் நகையையும் நாடுகின்றன. தொல்காப்பியர் திரைப்படத்திற்கு இலக்கணம் எழுதவில்லை. எனினும், கலைக்கும் அதனைத் துய்ப்போர்க்கும் இடையிலுள்ள உறவைப் புரிந்துகொள்ள அவர் வகுத்த சட்டகம் இன்றும் நமக்கு உதவுகிறது.

கூடாரக் கொட்டகையில் கற்றது

திரைப்பட மரபுகளை எனக்கு முதலில் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா. எங்கள் ஊரை அடுத்த கண்மாய்க்கரைத் திடலில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. அங்குத் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து படம் பார்ப்போம். திரையில் ஒரு புதிய முகம் தோன்றிய நொடியிலேயே, "இந்தா பாரு, இவந்தேன் குடியக் கெடுக்கப் போறவன்" என்று அப்பத்தா அறிவித்துவிடுவார். பெரும்பாலும் அது பொய்ப்பதில்லை. தாயாக வருபவர் ஒருமுறை இருமினால் போதும். "இனி இவ பிழைக்க மாட்டா" என்று முந்தானையை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொள்வார். காற்றில் விளக்கு அணைந்தால் சாவு. சிறுவர் இருவர் ஒரே பாட்டைக் கற்றுக்கொண்டால் அவர்கள் திருவிழாவில் பிரிந்து பின்னாளில் அப்பாட்டாலேயே சேர்வார்கள். கன்னத்தில் தழும்பு இருந்தால் அவன் அடியாள்.

அப்பத்தாவுக்கு ஆரூடம் தெரியாது. நூற்றுக்கணக்கான கதைகளைக் கேட்டும் பார்த்தும் பெற்ற பயிற்சி அது. அடுத்து நிகழப்போவது தெரிந்துவிட்டதால் அவருடைய சுவை குறைந்ததும் இல்லை. தெரிந்தே அழுதார்; தெரிந்தே மகிழ்ந்தார். கூத்தில் பாஞ்சாலியின் துயர் எவ்வாறு முடியும் என அறிந்தவர்கள்தாம் விடியவிடிய விழித்திருந்து அதனைக் காண்கிறார்கள். என்ன நிகழும் என்பதை மரபு சொல்லிவிடுகிறது. எவ்வாறு நிகழும் என்பதைக் கலைஞர் காட்ட வேண்டும். வகைமைப் படங்களின் இன்பம் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

பாட்டில்லாத படம்

மரபை நன்கு அறிந்த கலைஞர் அதனை எவ்வாறு கையாள்வார் என்பதற்கு 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' சிறந்த சான்று. ஏவி.எம். நிறுவனம் தயாரித்த இப்படத்தை எஸ். பாலசந்தர் இயக்கினார். ஒரு படத்தில் பத்துப் பாடல்களேனும் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்த காலம் அது. அக்காலத்தில் பாட்டோ நடனமோ சண்டையோ இல்லாத படமாக அவர் இதனைப் படைத்தார். இதில் வியப்பு என்னவெனில், இயக்குநர் பாலசந்தரே தலைசிறந்த வீணைக் கலைஞர். இசையறிந்த ஒருவர்தாம் இக்கதைக்குப் பாட்டு தேவையில்லை என்று முடிவு செய்தார். துப்பறியும் கதையில் இறுக்கம் தளரக் கூடாது. பாட்டு வந்தால் அது தளர்ந்துவிடும். ஒரு மரபுக்காக இன்னொரு மரபை அவர் விட்டுக்கொடுத்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1943 அக்டோபரில் சென்னையின்மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை நிகழ்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. ஒருவன் சுடப்பட்டு வீழ்கிறான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வாயிலாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தமிழ்நாட்டைத் தம்வயப்படுத்தியிருந்த நடிகர் அவர். படம் முழுவதும் நாயகனாக வலம்வருவார் என்று எண்ணி அமர்ந்தவர்களின் முன் அவர் முதலிலேயே உயிரற்றுக் கிடக்கிறார். பின்னர் துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக உசாவுகிறார். அண்டைவீட்டார், உடன்பிறந்தார், மனைவி என ஒவ்வொருவர் கூற்றின் வழியாகவும் இறந்தவனின் ஒவ்வொரு முகம் வெளிப்படுகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, ஹிட்ச்காக் தம் 'சைக்கோ' படத்தில் முதன்மை நடிகையைப் பாதிப் படத்திலேயே கொலையுண்டு போகச் செய்து உலகை அதிரவைத்தார். நாயகர் இறுதிவரை இருப்பார் என்னும் மரபை நாம் எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தோம் என்பது அது முறியும்போதுதான் நமக்கே தெரிகிறது.

ஒரே நிகழ்வைப் பலர் கூற்றாகச் சொல்லும் முறையை, 1950இல் வெளிவந்த அகிரா குரோசாவாவின் ஜப்பானியப் படமான 'ராஷோமோன்' உலகறியச் செய்தது. ஆனால், அப்படத்தில் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எது உண்மை என்பது இறுதிவரை உறுதிப்படுவதில்லை. 'அந்த நாள்' படத்தில் இறுதியில் விடை கிடைத்துவிடுகிறது. குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தருவோம் என்பது துப்பறியும் கதை நமக்கு அளிக்கும் வாக்குறுதி. அவ்வாக்குறுதியைப் பாலசந்தர் காப்பாற்றினார். கொன்றவர் யார் என்பதை நான் இங்குச் சொல்லப்போவதில்லை. துப்பறியும் கதையின் முடிவைப் பிறர்க்குச் சொல்லிவிடாமல் இருப்பதும் அவ்வகைமையின் மரபுகளுள் ஒன்றுதான்! வெளிவந்தபோது எதிர்பார்த்த வசூலை ஈட்டாத இப்படம், இன்று தமிழ்த் திரையின் முன்னோடிப் படங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

கரு மாறும், உரி நிற்கும்

மரபுகள் ஊர் விட்டு ஊர் செல்வதும் உண்டு. 1954இல் குரோசாவா 'ஏழு சாமுராய்' படத்தை எடுத்தார். கொள்ளையரால் அல்லலுறும் உழவர்கள், தங்கள் ஊரைக் காக்க வாள்வீரர் எழுவரை அமர்த்திக்கொள்ளும் கதை அது. 1960இல் ஹாலிவுட்டில் அக்கதை 'தி மேக்னிபிசென்ட் செவன்' ஆயிற்று. சாமுராய்கள் துப்பாக்கி ஏந்திய குதிரை வீரர்களாயினர். ஜப்பானியச் சிற்றூர் மெக்சிகோவின் சிற்றூராயிற்று. அவ்விரு படங்களின் தாக்கத்தோடு 1975இல் ரமேஷ் சிப்பியின் 'ஷோலே' பாறைகள் சூழ்ந்த நிலப்பரப்பில் எழுந்தது. நிலம் மாறியது, வாள் துப்பாக்கியாயிற்று, உடையும் உணவும் மாறின. நம் மொழியில் சொல்வதானால், முதலும் கருவும் மாறின. எளியவரைக் காக்க முன்பின் அறியாதார் உயிரைப் பணயம் வைக்கும் உரி மட்டும் மாறவில்லை.

தமிழிலும் இத்தகைய ஒரு மாற்றம் 1977இல் நிகழ்ந்தது. அதுவரை பெரும்பாலான படங்களில் சிற்றூர் என்பது படப்பிடிப்பு அரங்கினுள் எழுப்பப்பட்ட குடிசையும் கிணறுமாகவே இருந்தது. பாரதிராஜா தம் முதற்படமான '16 வயதினிலே'யில் படக்கருவியை அரங்கிற்கு வெளியே எடுத்துச் சென்றார். அழகும் ஆற்றலும் நிறைந்தவனே நாயகன் என்னும் மரபை விலக்கி, கால் சாய்த்து நடக்கும் சப்பாணியை நடுவில் நிறுத்தினார். அவன் வருகைக்காக மயில் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருப்பதோடு படம் நிறைவுறுகிறது. காடில்லை, கார்காலமில்லை, முல்லையும் மலரவில்லை. எனினும், அது முல்லைத் திணையே. இருத்தல் என்னும் உரிப்பொருள் தண்டவாளத்தின் ஓரத்தில் புதுவாழ்வு பெற்றது.

பின்னர் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. அப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து வயல்வரப்பும் ஆற்றங்கரையும் வட்டார வழக்கும் கொண்ட படங்கள் பெருகின. மரபை மீறிய ஒன்று தானே மரபாகிவிட்டது. இன்றைய மீறல் நாளைய வழக்கம் என்பது கலை வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணும் உண்மை.

நகைப்பில் வெளிப்படும் மரபு

ஒரு மரபு முற்றிப் பழுத்துவிட்டது என்பதற்கு அடையாளம், அதனைக் கேலி செய்யும் படைப்பு தோன்றுவது. 2006இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு இரட்டை வேடமேற்ற 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' அத்தகையது. பிறந்தவுடன் பிரிக்கப்படும் இரட்டையர், சூழ்ச்சி செய்யும் தாய்மாமன், ஆள்மாறாட்டம் என அரசர் காலப் படங்களின் கருப்பொருள் அனைத்தும் அதில் உண்டு. ஆனால், வீரம் இருக்க வேண்டிய இடத்தில் கோழைத்தனம் இருக்கிறது. பெருமிதம் எழ வேண்டிய இடத்தில் நகை எழுகிறது. சாதிச் சண்டையிடுவதற்கென்றே மன்னன் மைதானம் அமைத்துத் தருவதும், அயலார் விற்கும் குளிர்பானத்திற்கு மயங்குவதும் பழைய உடையணிந்து வந்த நம் காலத்துச் செய்திகளே.

அரசர் படங்களையே பார்த்திராத ஒருவருக்கு இப்படத்தின் பாதி நகைச்சுவை விளங்காது. எள்ளுவதற்கும் மரபறிவு வேண்டும். நேராகச் சொன்னால் முகம் சுளிக்கும் உண்மையை மரபின் திரைக்குப் பின்னிருந்து சொன்னால் சிரித்தபடி கேட்டுக்கொள்கிறோம் என்பதையும் இப்படம் உணர்த்துகிறது.

கைக்கிளை காதலாகாது

இதுவரை மரபின் பயனைப் பேசினேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் திணை இலக்கண வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, படத்தில் ஒருவன் வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கிறான். இடைவேளைக்குப் பிறகு அவளும் அவனை விரும்பிவிடுகிறாள். இது எந்தத் திணை?" வகுப்பில் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவ்வினா ஏட்டிலிருந்து பிறந்ததன்று என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அவளுக்கு நான் சொன்ன விடையின் ஒரு பகுதி என் வாழ்விலிருந்து வந்தது. நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது, நாள்தோறும் காலையில் பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞன் காத்திருப்பான். ஏறும் பேருந்தில் ஏறுவான். இறங்கும் இடத்தில் இறங்குவான். திரைப்பாடல்களை என் காதில் விழும்படி பாடுவான். நான் ஒருமுறையும் அவனிடம் பேசியதில்லை. தோழியர், "நீ கதாநாயகி ஆகிவிட்டாய்" என்று கேலி செய்தனர். எனக்கோ உணவு இறங்கவில்லை. செய்தி வீட்டை எட்டியபோது உறவினர் ஒருவர், "படித்தது போதும், நிறுத்திவிடுங்கள்" என்றார். பின்தொடர்ந்தவன் அவன், படிப்பை இழக்க வேண்டியவள் நான்! அன்று அந்தச் சொல் நிறைவேறியிருந்தால் இன்று இந்தப் பாடத்தை எழுதும் நிலையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை அப்பத்தா என்னோடு பேருந்து நிறுத்தத்திற்கு வந்தார். அந்த இளைஞன் பாடத் தொடங்கியதும் அவன் முன் போய் நின்று, ஊரார் கேட்க நிதானமாக வினவினார்: "தம்பி, அவ ஒன்னயத் திரும்பிக்கூடப் பாக்கலையே. நீ ஆரோட பாடிக்கிட்டு இருக்க?" நிறுத்தத்தில் இருந்த அனைவரும் அவனைப் பார்த்தனர். அவனிடம் விடையில்லை. அதன்பின் ஓரிரு நாள் தொலைவில் நின்றான், பிறகு வரவில்லை. நான் படிப்பைத் தொடர்ந்தேன்.

பிற்காலத்தில் தொல்காப்பியத்தை ஆழ்ந்து கற்றபோது அப்பத்தாவின் வினா எனக்குப் புதுப்பொருள் தந்தது. பெண்ணிடமிருந்து மறுமொழி பெறாமல், ஒருவன் தானே பேசித் தானே இன்புறுவதைத் தொல்காப்பியர் கைக்கிளை என்றார். விருப்பம் வரம்பு மீறி வலிமையாக வெளிப்படுவதைப் பெருந்திணையுள் அடக்கினார். இரண்டையும் ஒத்த அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார். இருவர் உள்ளமும் ஒன்றுவதே காதல். மற்றவை வேறு பெயருக்குரியவை என்பதில் நம் மரபு அவ்வளவு தெளிவாக இருந்தது. திரைப்படக் காதல் மரபு செய்த பிழை இங்கேதான் இருக்கிறது. கைக்கிளையைக் குறிஞ்சி என்று பெயர் மாற்றி அது நமக்குக் காட்டிவிட்டது. இனிய இசையும் அழகிய நிலக்காட்சியும் சேர்ந்தவுடன் பெண்ணின் அச்சம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஏனெனில், படக்கருவி பின்தொடர்பவனின் தோளருகே நிற்கிறது, அவளருகே நிற்பதில்லை.

விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்தபின்னும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து செல்வது 2013இல் இந்தியக் குற்றவியல் சட்டத்தில் தனிக்குற்றமாகச் சேர்க்கப்பட்டது. திரையும் மெல்ல மாறிவருகிறது. 'பிங்க்' என்னும் இந்திப் படத்தைத் தழுவி 2019இல் வெளிவந்த 'நேர்கொண்ட பார்வை', நீதிமன்றக் கதை என்னும் வகைமையைப் பயன்படுத்தி, 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு வேண்டாம் என்பதே பொருள் என்று நிறுவியது. புகழ்பெற்ற நாயகனை வழக்கறிஞராக நிறுத்தி, அவனுக்காகத் திரண்ட இரசிகர்களையே அச்சொல்லைக் கேட்க வைத்தது. பழைய மரபு விதைத்த நம்பிக்கையை இன்னொரு மரபின் துணைகொண்டே களைந்த முயற்சி அது.

பார்வையாளர் கடமை

காதலில் மட்டுமன்று, வேறு இடங்களிலும் இவ்வினாக்கள் எழ வேண்டும். கருத்த நிறமுடையவரும் பருத்த உடலினரும் ஏன் நகைப்புக்கே உரியவராகிறார்கள்? ஒரு வட்டாரத்தின் பேச்சு ஏன் எப்போதும் அடியாளின் வாயிலிருந்தே வருகிறது? வீட்டு வேலை செய்பவருக்கு ஏன் கதையில் பெயர்கூட இருப்பதில்லை? கதையை விரைந்து சொல்ல மரபு குறுக்குவழி தருகிறது. அக்குறுக்குவழி சில வேளைகளில் மனிதரை மிதித்துக்கொண்டு செல்கிறது.

ஆகவே, மரபுகளை வெறுக்க வேண்டுவதில்லை. அவை இல்லாமல் கதை இல்லை. அவற்றை மரபுகள் என்று அறிந்து பார்க்க வேண்டும். அப்பத்தா கொட்டகையில் மனமுருகி அழுதார். பேருந்து நிறுத்தத்தில் தெளிவாகக் கேட்டார். திரையில் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையைத் தெருவுக்கு அவர் கொண்டுவரவில்லை.

வினா எழுப்பிய அம்மாணவியின் வகுப்பிற்கு அன்று ஒரு பயிற்சி கொடுத்தேன். தாம் பார்த்த படமொன்றில் பின்தொடரும் காட்சியைத் தேர்ந்து, அதனை அப்பெண்ணின் கூற்றாக எழுதிவர வேண்டும். மறுநாள் வந்த கட்டுரைகளில் மாணவர்கள் எழுதியவையும் மாணவியர் எழுதியவையும் இருந்தன. ஏறத்தாழ அனைத்திலும் அக்காட்சி காதற்படத்திலிருந்து விலகித் திகில் படமாக மாறியிருந்தது. அதே தெரு, அதே மாலை, அதே இருவர். கூற்று மாறியவுடன் திணை மாறிவிட்டது. அடுத்த முறை நீங்கள் படம் பார்க்கும்போது ஒரு காட்சியையேனும் இவ்வாறு இடம் மாறி நின்று பாருங்கள். கண்டதை நான்கு வரி எழுதி வகுப்பில் படியுங்கள்.